சிரட்டையில் அரித்த பாடம்

1909ஆம் ஆண்டு. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுகொண்டார். அன்றைய ஐரோப்பாவில் தெருவிளக்குகள் வாயுவில் எரிந்தன. அவற்றின் மேண்டில் பளிச்சென்று ஒளிர தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட்டில் இருக்கிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேண்டிலிலும் அதே சரக்குதான். கயிறு வந்த திசையைத் தேடி வந்த ஷாம்பெர்க், இன்றைய குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் ஆலை தொடங்கினார். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் என்பதால் அவர் கைதானார். மணல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று அங்கே மணலைப் பிரிப்பது, 1950இல் உருவான ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம்.

கயிற்றில் ஒட்டிய மணலைத் தட்டிவிடாமல் ஒருவர் உற்றுப் பார்த்ததில் தொடங்கிய கதை இது. அதே கடற்கரைக்கு நடந்துபோகும் தூரத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, அந்த மணலைப் பள்ளிக்கூடத்தில் வைத்து எப்போதாவது உற்றுப் பார்த்திருக்குமா? கால் கழுவி மணலை உதறிவிட்டு வகுப்புக்குள் வரச் சொல்வதுதானே நம் வழக்கம்.

எந்த வாத்தியார் பாடம்?

தமிழ்நாட்டுப் பாடநூலில் பூமிக்கு இடம் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. ஏழாம் வகுப்பில் புவியின் உள்ளமைப்பு வருகிறது. எட்டாம் வகுப்பில் பாறையும் மண்ணும், வானிலையும் காலநிலையும், நீரியல் சுழற்சியும் வருகின்றன. எல்லாமே சமூக அறிவியல் புத்தகத்தில், வரலாற்றுக்கும் குடிமையியலுக்கும் பக்கத்தில். சிக்கல் அங்கேதான். நடுநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியரிடம் ஓர் அலமாரியாவது இருக்கும். அதில் சோதனைக்குழாயும் லிட்மஸ் தாளும் இருக்கும். ஆனால் பாறை அவருடைய பாடம் அல்ல. பாறையைப் பாடமாக வைத்திருக்கும் சமூக அறிவியல் ஆசிரியருக்கு ஆய்வகம் கிடையாது. ஒரு உலக உருண்டையும் சுருட்டி வைத்த வரைபடமும்தான் அவருடைய சொத்து. ஆகவே தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என மூன்று வகைப்படும் என்று எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை, பள்ளிக்கூட அஸ்திவாரக் கல் இந்த மூன்றில் எது என்று கேட்டால் விழிக்கிறது.

கையால் செய்து கற்பது நமக்குப் புதிதல்ல. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத்தான். பிள்ளைகளே சோதனை செய்வார்கள், தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. முப்பது ஆண்டுகள் ஓடிய அந்தத் திட்டத்தை 2002இல் அரசே நிறுத்தியது. தமிழ்நாட்டில் 1987இலிருந்து வரும் ‘துளிர்’ இதழும், தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக ஊர் ஊராகப் பிள்ளைகளை ஆய்வுக்கு இறக்கிவிடும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் இந்த வேலையைத் தொடர்கின்றன. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளிடம் செய்முறை அறிவியலைக் கொண்டுசெல்கிறது. ‘எங்கும் அறிவியல், யாவும் கணிதம்’ என்பது அதன் முழக்கம். அந்த ‘எங்கும்’ என்பதற்குள் கல்லும் மணலும் மழையும் தாராளமாக வர வேண்டும் என்பது என் வாதம். அதற்குக் குமரி மாவட்டத்தைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் இல்லை. மலை, வயல், செம்மண் மேடு, ஆற்றுக் கழிமுகம், கடல் என எல்லாவற்றையும் ஒரே பகலில் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடலாம்.

மணல்

தேவையானவை: ஒரு சிரட்டை, ஒரு வாளித் தண்ணீர், ஒரு காந்தம், பிளாஸ்டிக் கவர், வெள்ளைத் தாள். லென்ஸ் இருந்தால் நல்லது.

சிரட்டையில் பாதிக்கு மணலை எடுத்துத் தண்ணீர் விட்டு, சுழற்றி, லேசாகச் சாய்த்து, மேலே வருவதை வழியவிட வேண்டும். வீட்டில் அரிசியில் கல் அரிக்கிற அதே கைவேலை. அம்மாவுக்கு அடுப்படியில் ஒத்தாசை செய்த பிள்ளைக்கு இது முதல் தடவையிலேயே வந்துவிடும். மற்றவர்கள் மொத்த மணலையும் கவிழ்ப்பார்கள். கடற்கரையின் வெளிர் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். கறுப்பாகத் தெரியும் இல்மனைட் 4.7 மடங்கு, மோனசைட் ஏறத்தாழ 5 மடங்கு. லேசானது வழிய வழிய, சிரட்டையின் குழியில் கறுப்பு தங்குகிறது. இன்னும் கொஞ்சம் பொறுமையாகச் சுழற்றினால் அந்தக் கறுப்பின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று பிரிந்து நிற்கும். அது கார்னெட். இல்மனைட்டைவிடக் கனம் குறைவு என்பதால் ஓரத்துக்கு வருகிறது. எடைக்கும் அடர்த்திக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதினாலும் இந்தச் சிவப்புக் கீற்றுக்கு ஈடாகாது.

அடுத்தது காந்தம். தங்கிய மணலை வெயிலில் காயவைத்துத் தாளில் பரப்ப வேண்டும். காந்தத்தைக் கவருக்குள் போட்டுத்தான் மணல்மேல் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டியதைப் பிய்த்தெடுக்க அன்றைய பீரியட் போதாது. பழைய ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்துக்குச் சில மணிகள் மட்டும் துள்ளி வரும். அவை மேக்னடைட். அதைப் பார்த்ததும் “லேய், இங்க பாரு, ஒட்டுது!” என்று ஒரு குரல் கட்டாயம் எழும். பழுதான கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தம் வலுவானது. அதற்கு இல்மனைட் கொத்தாக வரும், கார்னெட் தயங்கித் தயங்கி நகரும். சிர்கானும் ரூட்டைலும் அசையவே அசையாது. மணவாளக்குறிச்சி ஆலையில் நடப்பதும் அடிப்படையில் இதுதான். முதலில் தண்ணீரும் சுழற்சியும் கனத்தை வைத்துப் பிரிக்கும், பிறகு படிப்படியாக வலுக்கூடும் காந்தங்கள், பிறகு எது மின்சாரத்தைக் கடத்தும் எது கடத்தாது என்று பார்த்துப் பிரிக்கும் எந்திரங்கள்.

இதை ஒருநாள் வேடிக்கையோடு விட்டுவிடக் கூடாது. கன்னியாகுமரி, மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு சிட்டிகை மணலைப் பசை தடவிய அட்டையில் ஒட்டி, இடமும் தேதியும் எழுதினால் அதுவே ஆவணம். கடலோரத்துப் பிள்ளைகளும் மலையோரத்துப் பிள்ளைகளும் அட்டைகளை மாற்றிக்கொள்ளலாம். பழையாற்று மணலையும் கோதையாற்று மணலையும் சேர்த்தால் கதையின் முன்பாதி கிடைத்துவிடும். மலைப்பாறை உதிர்ந்தது, ஆறு கொண்டுவந்தது, அலை தரம்பிரித்தது. இடவப்பாதி மழைக்காலத்தில் சீறும் அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போக, கனமான கறுப்பு கரையில் தங்கிவிடுகிறது. ஆடியில் எடுத்த அட்டையையும் தையில் எடுத்த அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது தெரியும்.

கன்னியாகுமரியில் பல நிற மணலைப் பொட்டலமாக விற்பார்கள். சுசீந்திரத்து மாப்பிள்ளை வந்து சேருமுன் கோழி கூவிவிட, நின்றுபோன திருமணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது குமரியம்மன் கதை. பிள்ளைகள் இதைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவார்கள். ஆசிரியர் மறுக்க வேண்டியதில்லை. அரிசி எது, பருப்பு எது என்று சிரட்டையில் பிரித்துக் காட்டச் சொன்னால் போதும்.

ஓர் எச்சரிக்கை. மோனசைட்டில் உள்ள தோரியம் கதிரியக்கம் உடையது. சிறிது நேரம் கையில் எடுத்துப் பார்ப்பதற்காகப் பதற வேண்டாம். ஆனால் கறுப்பு மணலை டப்பாவில் சேர்த்து வீட்டில் வைப்பதும், காய்ந்த தூசியை ஊதுவதும், கை கழுவாமல் சாப்பிடுவதும் கூடாது. வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே மணலைக் கொட்டிவிடலாம். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்து, 2024இல் அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது வரை பிள்ளைகள் வீட்டில் கேட்டிருப்பார்கள். வகுப்பில் அந்தக் கேள்வி வரும். வந்தால் ‘பாடத்துக்கு வெளியே’ என்று அடக்கிவிடாமல், மணல் போனால் கரைக்கு என்ன ஆகும் என்று அளந்து பார்க்கச் சொல்லலாம். அளக்கும் வழி பின்னால் வருகிறது.

கல்

மயிலாடிச் சிற்பக் கூடங்களில் தரையெல்லாம் கற்சில்லுதான். அனுமதி கேட்டு ஒரு பை அள்ளி வந்தால் வகுப்புக்கு ஓராண்டுக்குக் காணும். சிற்பி கல்லைத் தட்டி, அதன் நாதத்தை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்வார்; அதைப் பிள்ளைகள் காதால் கேட்கட்டும். பிறகு சில்லை நகத்தாலும் காசாலும் ஆணியாலும் கீறிப் பார்க்கட்டும். எலுமிச்சைச் சாறு விட்டால் கல் சும்மா இருக்கும், பொடித்த சிப்பி நுரைக்கும். ஏன் என்று கேட்டால் சுண்ணாம்பு வரை பாடம் நீளும்.

இந்தப் பக்கத்துக் கருங்கல்லில் கணிசமானது சார்னோக்கைட். பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதைப் பார்த்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அந்த வகைக் கல்லுக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டார். குமரியின் பாறைகள் இன்றைய வடிவத்துக்கு உருமாறியது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில். சாலையோர ஜல்லியில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அதுவும் கார்னெட்தான். சிரட்டையில் பார்த்த சிவப்புக் கீற்றின் சொந்த வீடு இது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிற மாதிரி, கல்லை மணலுக்குப் பிறகு வைப்பது நல்லது. பாடநூல் வரிசை தலைகீழ்.

இதே பாறைகளின் உறவினர்கள் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் இருக்கிறார்கள். அட்டையில் கண்டங்களை வரைந்து வெட்டிப் பொருத்தும் விளையாட்டை எல்லாப் பள்ளியிலும் செய்கிறார்கள். குமரியில் செய்யும்போது மட்டும், கோண்ட்வானா என்ற அந்தப் பெருங்கண்டத்தின் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டே செய்யலாம். மடகாஸ்கர் நம்மிடமிருந்து பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்.

அப்போது குமரிக்கண்டம் வரும். வந்தே தீரும், இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பெயரோடு வளர்கிறார்கள். கிண்டல் செய்ய வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயரை 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் வைத்தது, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரியான விலங்குகள் இருந்ததற்கு விளக்கம் தேடித்தான். கண்டங்களே நகர்ந்தன என்ற கருத்தை 1912இல் வெகெனர் முன்வைத்து, பிற்பாடு அது உறுதிப்பட்டதும், மூழ்கிய கண்டத்துக்குத் தேவை இல்லாமல் போனது. ஆனால் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கரை இன்னும் தெற்கே இருந்தது. ஒரு தட்டில் களிமண்ணால் குமரிமுனையையும் அதன் கடலடிச் சரிவையும் செய்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால், எவ்வளவு நிலம் மூழ்கும், எது ஒருக்காலும் கண்டமாக இருந்திருக்க முடியாது என்று இரண்டும் ஒரே சோதனையில் விளங்கிவிடும்.

கரை

கென்னத் எமரி என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1961இல் எழுதிய முறை இது. இரண்டு கம்பும் ஒரு கயிறும் போதும். ஒரே உயரமுள்ள கம்புகளில் சென்டிமீட்டர் கோடு போட்டு, இரண்டு மீட்டர் கயிற்றால் இணைக்க வேண்டும். ஒரு பிள்ளை மேட்டிலும் இன்னொன்று கடல் பக்கத்திலும் கம்பை நேராகப் பிடிக்கும். மேட்டில் நிற்பவர், கடல் பக்கக் கம்பின் நுனியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். அந்தக் கோடு தன் கம்பில் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே வெட்டுகிறதோ, இரண்டு மீட்டருக்குள் கரை அவ்வளவு இறங்கியிருக்கிறது. இப்படியே தண்ணீர் வரை போய்க் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தால் கரையின் வெட்டுமுகம் கிடைத்துவிடும். மாதம் ஒருமுறை, எப்போதும் ஒரே தென்னையின் அடியிலிருந்து தொடங்கினால், கடலரிப்பு என்று பெரியவர்கள் சண்டை போடும் விஷயத்துக்கு அந்த வகுப்பிடம் எண்கள் இருக்கும். தூண்டில் வளைவின் ஒரு பக்கம் மணல் சேர்வதும் மறுபக்கம் கரைவதும் அதில் தெரியும். கடல் சீறும் மாதங்களில் மட்டும் இதை நிறுத்திவைக்க வேண்டும். உள்ளூர் மீனவர் ஒருவர் கூட இருந்தால்தான் பிள்ளைகளை நீர்விளிம்புக்கு அனுப்பலாம். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஆசிரியருக்குத் தெரியாது.

2004 டிசம்பர் 26. காலை 6.28க்கு சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது. குளச்சலுக்கும் கொட்டில்பாட்டுக்கும் மணக்குடிக்கும் அலை வர மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மணக்குடிப் பாலத்தையே தூக்கி எறிந்த அலை அது. அன்று தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்துப் பெற்றோரை எச்சரித்தாள், கடற்கரையே காலியானது. இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். அவ்வளவுதான் அவளிடம் இருந்த கருவி.

வகுப்பில் இதற்கு ஒரு மீட்டர் நீளத் தகரத் தட்டு வேண்டும். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு ஒரு முனையைச் சற்றே தூக்கி இறக்கினால், அலை மறுமுனைக்குப் போக மூன்று விநாடிக்குமேல் எடுக்கும். நான்கு சென்டிமீட்டர் தண்ணீரில் அதில் பாதி நேரம். ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. நாலாயிரம் மீட்டர் ஆழக் கடலில் அந்தக் கணக்கு மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும். கரையை நெருங்கி ஆழம் குறையும்போது வேகம் தளர்கிறது, பின்னால் வரும் தண்ணீர் முட்டிக்கொண்டு உயர்கிறது. 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இன்று நடுநிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பாட்டி சொல்லும் கதை.

மழைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேர்ப்பக்கமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, அடிவளைவைக் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டுச் சமன் செய்து, அங்கிருந்து மில்லிமீட்டர் குறித்தால் மழைமானி. பத்திரிகைகளில் பேச்சிப்பாறை, பாலமோர், சுருளோடு, மயிலாடி, ஆரல்வாய்மொழி என்று வரும் மழை அளவோடு அன்றன்று ஒப்பிட்டால், மேற்கே கொட்டுவது கிழக்கே ஏன் தூறலாகிறது என்று மலையைக் காட்டிப் பேசலாம். ஒரு சதுரமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். பள்ளிக்கூட மொட்டைமாடியின் கணக்கைக் கணித வாத்தியாரிடம் விட்டுவிடலாம். கன்னிப்பூ வயலின் வண்டலையும் விளவங்கோட்டுச் சரலையும் முட்டத்துச் செம்மணலையும் தனித்தனிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி ஒருநாள் அசையாமல் வைத்தால், மணலும் வண்டலும் களியும் அடுக்கடுக்காகப் படியும். அளவுகோல் வைத்து அளந்தால் முடிந்தது.

நிழல்

எல்லாவற்றிலும் செலவு குறைந்தது இது. ஒரு கம்பு, ஒரு போன்.

கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 டிகிரிக்குச் சற்று மேல், 8.08இல் இருக்கிறது. சென்னை 13.08. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 5 டிகிரி. ஒரு முழு வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் 1ஐ ஒட்டியும், உச்சிவேளையில் கன்னியாகுமரியில் நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. அதே நாள் உச்சிவேளையில் சென்னையில் ஒரு மீட்டர் கம்புக்கு 8.7 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். கம்பையும் நிழலையும் அளவு குறைத்துத் தாளில் வரைந்து கோணமானி வைத்தால் 5 டிகிரி வரும். இரண்டு ஊருக்கும் நேர் வடக்கு-தெற்கு தூரம் ஏறத்தாழ 553 கிலோமீட்டர். சாலைத் தூரமான எழுநூற்றுச் சொச்சத்தைப் போட்டுவிட்டுப் பூமியைப் பெருக்கவைக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தத் தவறும் ஒரு பாடம். 553ஐ 72ஆல் பெருக்கினால் 39,816. வடதுருவம் தென்துருவம் வழியாகப் பூமியின் உண்மைச் சுற்றளவு 40,008 கிலோமீட்டர். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரடாஸ்தனீஸ் இரண்டு ஊர் நிழலை வைத்துச் செய்தது இதே கணக்கு.

இன்னொரு பொருத்தமும் உண்டு. வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் மாபெரும் முக்கோணவியல் நில அளவையைச் சென்னையில் பரங்கிமலையருகே தொடங்கியது 1802 ஏப்ரல் 10. பிறகு அவரும் ஜார்ஜ் எவரெஸ்டும் குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை அளந்துபோன பெருவில்லின் நோக்கங்களில் ஒன்று, பூமியின் வடிவத்தைத் துல்லியமாகக் கண்டறிவது. அரை டன் எடையுள்ள தியோடலைட்டைச் சுமக்க ஆள்கள் வேண்டியிருந்தது அவர்களுக்கு. எட்டாம் வகுப்புக்கு அதே பூமியின் தோராய அளவு ஒரு கம்பில் கிடைக்கிறது.

நடைமுறையில் ஏப்ரல் 10 தோதான நாள் இல்லை. அது ஆண்டுத் தேர்வுக் காலம். செப்டம்பர் 1 நல்ல நாள், ஓண விடுமுறையும் மேகமும் குறுக்கே வராவிட்டால். முதல் நாளும் மறுநாளும் சேர்த்து வைத்துக்கொண்டால் ஏதாவது ஒன்றில் வெயில் அடிக்கும். ஒருநாள் முன்பின்னானால் நிழல் சில மில்லிமீட்டர்தான் நீளும். சென்னையில் ஒரு பள்ளியை முன்கூட்டியே பேசிவைத்து, அவரவர் ஊரில் நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளக்கச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரியில் அது பகல் 12.20 வாக்கில் வரும், சென்னையில் 12.09 வாக்கிலேயே வந்துவிடும். ஒரே கடிகாரம் ஓடும் ஒரே மாநிலத்தில் இரண்டு உச்சிவேளை எப்படி என்று போனில் இரண்டு வகுப்பும் வாக்குவாதம் செய்யத் தொடங்கினால், தீர்க்கரேகைப் பாடத்தை அந்த இடத்திலேயே எடுத்துவிடலாம்.